மாமனாருக்கு வாங்கிய ஹீட்டர்

கோணப்பாக்கத்தில் வேம்புலியைப் போல் சொன்ன சொல் தட்டாத புருஷன் வேறு யாரும் கிடையாது. ஒருநாள் அவன் மனைவி செண்பகம், "அடுப்புல பால் இருக்குது, பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவன் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பால் பொங்கியது, வழிந்தது, அடுப்பை அணைத்தது. அதையும் பார்த்தான். அன்று சாயங்காலமே செண்பகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரியில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் அப்பா ஏகாம்பரம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே பார்லியை வேகவைத்து பீர் காய்ச்சுவதில் அவருக்கு ஒரு பித்து. அவரே வேம்புலிக்குப் போன் பண்ணினார்.

"மாப்ள, ஞாயித்துக்கிழம வரேன். பார்லி மூட்டையும் பொண்ணும் என்னோட வருது. அண்டா நெறைய தண்ணி கொதிச்சிக்கினு இருக்கணும். விறகுப் புகை பீருக்கு ஆவாது, கரண்ட் ஹீட்டர் மாட்டி வை. நான் வந்து நிக்கும்போது குமிழி குமிழியா வரணும். வந்துச்சா, பொண்ணு உன்னோட இருப்பா. வரலியா, வந்த ஆட்டோவுலயே திரும்பிடுவா."

செண்பகம் இல்லாத வீடு வேம்புலிக்கு வீடாகவே இல்லை. தன் இரண்டு கூட்டாளிகளையும் கூப்பிட்டான். கலியபெருமாள் எதையும் யோசித்துத்தான் பேசுவான்; யோசிக்காமல் பேசினால் கொஞ்சம் தேவலை. பக்கிரி அவ்வளவாகப் பேசமாட்டான், ஆனால் குளத்தில் மூச்சடக்குவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

மூவரும் அண்டாவோடு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று ஹீட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று நேரான கம்பி, ஒன்று சுருள், இன்னொன்று பல மடிப்பாக மடக்கிய நீளக் கம்பி. பெண் பார்க்க வந்தவர்கள் போல மூவரும் அவற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நேரா இருக்கறது வேணாம்" என்றான் கலியபெருமாள். "சூடு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் எறங்கிப் போயிடும். தண்ணிய திரும்பிக்கூடப் பாக்காது."

"சுருளு?" என்றான் வேம்புலி.

"சுத்திச் சுத்தி வர்றதுக்குள்ள சூட்டுக்கே மயக்கம் வந்துடும். உன் மாமனார் வர்ற நேரத்துக்கு எங்கயாவது விழுந்து கெடக்கும்."

"அப்ப மடக்கினது?"

"அதான் சரி. மடிப்புக்கு மடிப்பு நின்னு, தண்ணியோட ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போவும்."

கடைக்காரரும் மடக்கியதையே எடுக்கச் சொன்னார். சூடு பரவலாக இருக்கும், பார்லி அடிப்பிடிக்காது என்றார். "அண்டாவுல ஓட்டை போட்டு மாட்டுங்க. முழுசா தண்ணிக்குள்ள முழுகினப்புறம்தான் சுவிட்ச் போடணும். வெளிய தெரிஞ்சா எரிஞ்சிபோயிடும்" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டை போட உட்கார்ந்தார்கள். கீழே போட்டால் ஒழுகும் என்று கலியபெருமாள் விளிம்புக்குப் பக்கத்தில் போட்டான். ஹீட்டரை மாட்டினார்கள். ஓட்டை வரைக்கும் தண்ணீர் ஏறினால் அங்கேயும் ஒழுகுமே என்று அதற்குக் கீழேயே நிறுத்திக்கொண்டார்கள். ஹீட்டர் மேலே காய்ந்துகொண்டிருந்தது.

"முழுகலியே" என்றான் வேம்புலி.

கலியபெருமாள் தாடையைத் தடவினான். "தண்ணிய மேல ஏத்த முடியாது. ஹீட்டர கீழ எறக்க முடியாது. அப்ப அண்டாவத்தான் எறக்கணும்."

மூவரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் இறக்கினார்கள். நன்றாக முழுகியது. வயரும் பிளக்கும் மட்டும் கரையில் கிடந்தன.

"முழுசான்னு சொன்னாரே" என்றான் சொன்ன சொல் தட்டாத வேம்புலி. பிளக்கையும் உள்ளே விட்டார்கள். பிளக் உள்ளே இருக்கும்போது சுவிட்ச் மட்டும் வீட்டில் இருந்து என்ன பிரயோசனம்? வேம்புலி ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்ச் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். நல்லவேளை, அப்போது ஊரிலேயே கரண்ட் இல்லை.

மரப்பலகை மிதந்தது. பக்கிரி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளத்தின் அடியில் போய் உட்கார்ந்தான். சுவிட்ச் போட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் மட்டும் வெளியே வந்துவிட்டுப் போனது.

அந்த நேரம் பார்த்துக் குளக்கரையில் ஆட்டோ வந்து நின்றது. ஏகாம்பரம் மீசையை முறுக்கிக்கொண்டே இறங்கினார்.

"அண்டா எங்க மாப்ள?"

"உள்ள இருக்குது மாமா."

"தண்ணி?"

"அதச் சுத்தி இருக்குது மாமா."

ஏகாம்பரம் குளத்தைப் பார்த்தார். நடுவில் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு அண்டா கேட்டேன், கொளத்தையே கொதிக்க வெச்சிட்டாரு. எறங்குமா செண்பகம்" என்றார்.

செண்பகம் ஒரு காலை வெளியே வைத்தாள். அதற்குள் பக்கிரி மூச்சுவாங்கத் தலையைத் தூக்கினான். குமிழி நின்றது. செண்பகம் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வேம்புலிக்கு உயிரே போய்விட்டது. குளத்தில் பாய்ந்து பக்கிரியின் தலையை அமுக்கினான். குமிழி வந்தது, செண்பகத்தின் கால் வெளியே வந்தது. பக்கிரி எழுந்தான், கால் உள்ளே போனது. இப்படியே கொஞ்ச நேரம் பக்கிரியும் காலும் மாறி மாறி வந்துகொண்டிருந்ததை ஏகாம்பரம் உன்னிப்பாகக் கவனித்தார்.

கடைசியில் பக்கிரி யாருக்கும் அடங்காமல் கரையேறி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். குளிரில் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"தொடாத மாப்ள" என்றார் ஏகாம்பரம். "இன்னும் உள்ள கரண்ட் ஓடிக்கினு இருக்குது." பக்கிரியை ஒருதரம் சுற்றிவந்து பார்த்தார். "இது உள்ள போனா கொதிக்குது, வெளிய வந்தா நிக்குது. இந்த மாதிரி ஹீட்டர நான் பிரான்சுலகூடப் பாத்ததில்ல. எந்தக் கடையில வாங்கின?"

"மடக்கினதுதான் நல்லதுன்னு நான் கடையிலயே சொன்னேன் மாமா" என்றான் கலியபெருமாள், பக்கிரியின் முழங்காலைக் காட்டி.

செண்பகம் பெட்டியோடு இறங்கிவிட்டாள். பெட்டி இருந்த இடத்தில் பக்கிரியை ஏற்றிக்கொண்டு ஆட்டோ புதுச்சேரிக்குக் கிளம்பியது. வெளியே இருந்தால் எரிந்துபோய்விடும் என்று வேம்புலி ஞாபகமாகச் சொல்லி அனுப்பியதால், ஏகாம்பரம் வழிநெடுகப் பக்கிரியின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்.