வாழை மரமில்லை என்றவர்

“எல்லாப் பாடமும் நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. அதுதான் எனக்குச் சிக்கல்” என்றார் ஐயம்பெருமாள்.

பேராசிரியர் ஜெபக்கனி நாற்காலியைக் காட்டினார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம். புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதம் எந்த வகுப்பிலும் போய் உட்காரலாம். மாதம் முடிகிற நாள் மாலைக்குள் ஒரு பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடும். முடிவெடுக்க முடியாதவர்களை ஜெபக்கனியிடம் அனுப்புவார்கள்.

அன்று கடைசி நாள்.

ஐயம்பெருமாளுக்கு ஜெபக்கனியைவிட வயது அதிகம். பள்ளிப் படிப்பையே ஐம்பதை நெருங்கும்போதுதான் முடித்திருந்தார். அந்த வயதுக்காரர்களுக்கு அங்கே ஒரே ஒரு முறைதான் இடம் கொடுப்பார்கள்.

வாழைக்காய் மண்டியை மச்சினனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மாதத்தில் அத்தான் திரும்பி வந்துவிடுவார், அவருக்கெல்லாம் எதற்குப் படிப்பு என்று மச்சினன் ஆட்கள் முன்னால் சொல்லியிருந்தான். ஐயம்பெருமாள் அப்படிப்பட்டதை மறப்பதில்லை.

எந்தெந்த வகுப்பில் உட்கார்ந்தீர்கள் என்று ஜெபக்கனி கேட்டார்.

வரலாறு, பொருளாதாரம், சட்டம், வானியல், உளவியல், இசை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். வரலாற்றில் நேரம் போனதே தெரியவில்லையாம். வானியலில் உடம்பு புல்லரித்ததாம். உளவியல் நடத்திய பெண் தங்கமான பெண்ணாம்.

ஜெபக்கனி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதை விட்டாலும் பின்னால் வருத்தப்படுவேன், நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள், எதுவானாலும் படிக்கிறேன் என்று முடித்தார் ஐயம்பெருமாள்.

“எங்கயாவது கோவம் வந்துச்சா அண்ணாச்சி?”

அவர் முகம் மாறியது.

“அதை விடுங்க.”

“சொல்லுங்க.”

தாவரவியல் வகுப்பு. சின்ன வயது வாத்தியார். வாழை மரமே இல்லை, உள்ளே கட்டை கிடையாது, அது வெறும் செடி என்று சொன்னார். ஐயம்பெருமாள் எழுந்து, கல்யாண வாசலில் மரத்தைக் கட்டுகிறோமா, செடியைக் கட்டுகிறோமா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். யார் யார் சிரித்தார்கள், எந்த வரிசையில் இருந்து சிரித்தார்கள் என்று ஐயம்பெருமாளால் இப்போதும் சொல்ல முடியும்.

“வாழைக்குள்ளயே பொறந்து வளந்தவன்கிட்ட வந்து சொல்லுதான்.”

“அப்புறம் அந்தப் பக்கம் போகலை?”

போகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போனார். அவர் எடுத்த புத்தகம் வாத்தியார் பக்கம் பேசியது. அதைவிடத் தடியான ஒன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. ஆத்திரம் அடங்காமல், விடுதிக்குப் பின்னால் குலை வெட்டிப் போட்டிருந்த வாழையை இழுத்து வந்தார். ஆயுள் முழுக்க உரித்ததுதான். இந்த முறை உள்ளே கட்டையைத் தேடி உரித்தார்.

“இருந்துச்சா?”

“மட்டை. அதுக்குள்ள மட்டை. நடுவுல தண்டு.”

“அப்போ அவரு சொன்னது சரிதானே?”

“சரியா இருந்துட்டுப் போகட்டும். கட்டையே இல்லாதது அம்மாம் பெரிய குலையை எப்படித் தாங்குது? அதைச் சொன்னானா? சிரிக்க மட்டும் தெரியுதுல்லா?”

அதற்கும் ஏதோ புத்தகம் இருக்கிறதாம். யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். தினமும் போய்க் கேட்டுவிட்டு வருகிறாராம்.

“வரலாத்துக்கு என்ன புத்தகம் எடுத்தீங்க?”

ஐயம்பெருமாள் யோசித்தார்.

“எடுக்கலை.”

“வானியலுக்கு?”

வெளியே மணி அடித்தது. தாழ்வாரத்தில் பிள்ளைகள் வகுப்பு மாறிப் போகும் சத்தம் கேட்டது.

“அந்த வாத்தியாரை மன்னிச்சிட்டீங்களா அண்ணாச்சி?”

“செத்தாலும் மாட்டேன்.”

ஜெபக்கனி எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

“மன்னிச்சிராதீங்க. இப்ப அவரு வகுப்புதான். போங்க.”