பழந்துணி இல்லாத ஊர்

படுத்துட்டியா? அந்தப் பக்கம் தள்ளிப் படுட்டி, பெரியம்மாவுக்கும் கொஞ்சம் எடம் வேணும்ல. காலை ஆட்டாத. நீ "ம்" கொட்டுற வரைக்கும்தான் கதை ஓடும். "ம்" நின்னா கதையும் நின்னுரும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு பொட்டல் இருந்துச்சு. ஒண்ணும் மொளைக்காத வெறும் பொட்டல், ஆடு வந்து படுத்துக் கெடக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில ஊர்க்காரங்க எந்திரிச்சு பல்லு வெளக்கிக்கிட்டே பாக்காங்க, அந்தப் பொட்டல்ல ஒரு கடை நிக்குது. செங்கல் எறக்கினதை யாரும் பாக்கல. கொத்தனார் வந்ததை யாரும் பாக்கல. கடை மட்டும் நிக்குது.

கடைன்னா நம்ம தெருமுக்குக் கடைன்னு நெனைச்சியா? அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், அம்புட்டு ஒசரம். மேகம் வந்தா கடையில முட்டிக்கிட்டு சுத்திப் போகும். சுவரு பூரா கண்ணாடி. காலையில கெழக்க ஒரு சூரியன், கடையில ஒரு சூரியன், ரெண்டு உதிக்கும். சேவல் எதைப் பாத்துக் கூவுறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கும்.

"ம்."

அப்போ கடைக்குள்ள இருந்து கொர்ர்ர்ருனு மைக்கு இரைஞ்சுச்சு. "பழசைக் குடுங்க, புதுசை எடுங்க. காசு வேண்டாம்."

காசே வேண்டாமான்னு கேக்கியா? வேண்டாம்ட்டி. ஓட்டை வாளியக் குடுத்தா பளபளன்னு புது வாளி. கால் ஒடிஞ்ச நாற்காலியக் குடுத்தா மெத்தை வச்ச நாற்காலி. ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு ஓடுச்சு. தடதடன்னு ஓடுனாங்க. அம்மி, உரல், முறம், பழைய குடை, பாட்டுப் படிக்கிற பொட்டி, எல்லாம் போச்சு. வீடெல்லாம் ஜொலிச்சுது. உள்ளதைச் சொல்லணும்ல, அழகாத்தான் இருந்துச்சு. நானா இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்.

அப்புறம் என்னாச்சுன்னா, திங்கக்கெழமை வாங்குன வாளி வெள்ளிக்கெழமை பாத்தா பழசாத் தெரியும். வாளிக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கடை வாசல்ல அதை விட நல்ல வாளி ஒண்ணு தொங்குதே. அப்போ இதைக் குடு, அதை எடு. அதைக் குடு, இன்னொண்ணை எடு. முன்னால எல்லாம் ஒரு வீட்டுக்குப் போனா "சாப்ட்டியா"ன்னு கேப்பாங்க. இப்போ "இதையா இன்னும் வச்சிருக்க"ன்னு கேட்டாங்க. ஒருத்தன் அவனோட மாமனாரையே கூட்டிட்டுப் போயி கடையில நிறுத்திட்டான். கடைக்காரன் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "ரிப்பேர் நெறைய இருக்கே"ன்னு திருப்பி அனுப்பிட்டான். சிரிக்காதட்டி, அந்த மாமனாருக்கு எம்புட்டு வருத்தமா இருந்திருக்கும்.

அந்த ஊர்ல மூக்காண்டின்னு ஒருத்தன். அவன் குட்டியானை ஓட்டுறவன். ஆனை இல்ல, கிறுக்கே, சாமான் ஏத்துற சின்ன வண்டி. ஊர்க்காரங்க பழசை எல்லாம் டுர்ர்ருனு ஏத்திக்கிட்டுப் போயி கடையில எறக்குறது அவன்தான். அவன் பொண்டாட்டி பேரு வடிவு. வடிவுக்கு அப்போ நெறை மாசம். புள்ளை பெக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா.

வடிவு பெட்டியில ஒரு சேலை வச்சிருந்தா. செத்துப் போன அவ அம்மாவோட நூல் சேலை. தொவைச்சுத் தொவைச்சு நைஞ்சு போயி, தொட்டா வெண்ணெய் மாதிரி இருக்கும். எதுக்குத் தெரியுமா? பச்சப் புள்ளைக்கு மொதமொதல்ல புதுத் துணி போட மாட்டாங்க. புதுசு மொடமொடன்னு இருக்கும், தோலு செவந்துரும். யாராவது உடுத்தி உடுத்திப் பழகுன பழந்துணியிலதான் சுத்துவாங்க. வீட்டுல இல்லாதவங்க பக்கத்து வீட்டுல வாங்கிக்குவாங்க, அதுல வெக்கம் ஒண்ணும் கெடையாது. உன்னையும் உங்க அப்பன் வேட்டியிலதான் சுத்தி எடுத்தாந்தோம். அரைவேட்டிக்குள்ள அடங்கிட்ட நீ.

"ம்."

மூக்காண்டிக்கு புள்ளை வருதுன்னு ஒரே சந்தோசம். புள்ளைக்குப் பெருசா எதாவது வாங்கணும்னு ஆசை. கடையில பாத்தா ஒரு தொட்டில். தானா ஆடுது, தானா தாலாட்டுப் பாடுது, மேல நெலாவும் நட்சத்திரமும் சுத்துது. அதுக்கு என்ன பழசு குடுக்குறது? வீட்டுல தேடுனான். எல்லாம் புதுசு. கடைசியாப் பெட்டியத் தொறந்தான். கந்தல் சேலைதானன்னு நெனைச்சான், மடையன். தூக்கிக் குடுத்துட்டு தொட்டிலோட வந்துட்டான்.

அப்புறம் பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. வீட்டுக்கு வந்தாங்க. கடையில எடுத்த புதுத் துணியில புள்ளையச் சுத்தி தொட்டில்ல போட்டாங்க. ஞ்ஞேன்னு ஒரு அழுகை. தொட்டில் ஆடுது, பாடுது, நெலா சுத்துது. புள்ளை நிறுத்தல. ஒடம்பெல்லாம் செவந்து தடிச்சுப் போச்சு. மாருல போட்டா வாய வைக்காம வீறிடுது. பக்கத்துத் தெருவுல இருந்து பேச்சியாத்தா வந்தா. அந்த ஊர்ல பாதிப் பேருக்குத் தொப்புள் கொடி அறுத்தவ அவ. புள்ளையத் தொட்டுப் பாத்துட்டு, "ஏலே மூக்காண்டி, பழந்துணி எடுலே"ன்னா.

"பெட்டியில எங்க அம்மா சேலை இருக்கு, எடுத்துட்டு வாங்க"ன்னா வடிவு.

இவன் கண்ணு தொட்டில் பக்கம் போச்சு. தொட்டில் மட்டும் பாடிக்கிட்டே இருந்துச்சு. வடிவு தொட்டிலப் பாத்தா, அவனப் பாத்தா. அவளுக்குப் புரிஞ்சு போச்சு. புள்ளைய வாரி மடியில போட்டுக்கிட்டா. அவ திட்டியிருந்தாக்கூட அவனுக்குத் தேவலையா இருந்திருக்கும்.

பேச்சியாத்தா சொன்னா, "காலையில இருந்து சொட்டுப் பாலு உள்ள போகல. பொழுது அடையுறதுக்குள்ள இந்தத் தடிப்பு அமரணும்லே. இல்லன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

மூக்காண்டி வீடு வீடா ஓடுனான். "ஒரு முழம் பழந்துணி குடுங்க." எந்த வீட்டுலயும் இல்ல. வேட்டி புதுசு, துண்டு புதுசு, அடுப்புல சட்டி எறக்குற கரித்துணி கூடப் புதுசு. இருந்ததை எல்லாம் இவன்தான வண்டியில ஏத்திக்கிட்டுப் போனான். அம்புட்டுப் பெரிய ஊர்ல, ஒரு கைப்புள்ளையச் சுத்த ஒரு கந்தல் இல்ல. நெனைச்சுப் பாரு.

திரும்பி வந்து புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டான். அது சர்ர்ருனு அவன் சட்டையில மோண்டுருச்சு. அன்னைக்குக் காலையிலதான் எடுத்த புதுச் சட்டை, மடிப்புக் கூடக் கலையல. அந்த ஈரத்தோடயே கடைக்கு ஓடுனான். பழசெல்லாம் அங்கதான இருக்கு, கேட்டு வாங்கிருவோம்னு.

தூங்கிட்டியா? இல்லல்ல. சரி, இனிமேதான் கதையே.

உள்ள போனா ஜில்லுன்னு காத்து. படிக்கட்டு தானா நடந்து இவனத் தூக்கிக்கிட்டுப் போகுது. மொத மாடியில வண்டிங்க. பாத்த எடமெல்லாம் வண்டி, கண்ணுக்கெட்டுன வரைக்கும் வண்டி. நடுவுல ஒரு குட்டியானை, தங்கக் கலரு, கதவைத் தொட்டா அதுவே "வாங்கண்ணாச்சி"ங்குது. சிரிச்ச மொகமா ஒருத்தன் வந்தான். "அண்ணாச்சி, சட்டை நாறுதே. பழசாப் போச்சு. கழட்டிக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்கங்க"ன்னான். மூக்காண்டி கை பித்தானுக்குப் போயிருச்சு. அப்போ அந்த ஈரம் வெரல்ல பட்டுச்சு. புள்ளை ஞாபகம் வந்துருச்சு. "எனக்குப் பழந்துணிதான் வேணும்"னான். அவன் சிரிச்சுக்கிட்டே, "மேல பாருங்க"ன்னான்.

ரெண்டாவது மாடி பூரா துணி. பட்டும் பருத்தியும் மேல இருந்து கொட்டுது, சலசலன்னு தரையில ஓடுது, முழங்கால் வரைக்கும் துணி. இவன் அதுக்குள்ள எறங்கி நடக்குறான். நடக்குறான், நடக்குறான், முடியவே இல்ல. அங்க ஜன்னல் இல்ல, கடிகாரம் இல்ல. பகலா ராவான்னு தெரியாது. தாடி மொளைச்சுது. பித்தான் ஒண்ணு அறுந்து விழுந்துச்சு. வேர்த்து வேர்த்துக் காஞ்சு சட்டை வெளுத்துச்சு. வருசமே போச்சுன்னு வச்சுக்கயேன். ஆனா வெளிய அம்புட்டும் ஒரு மத்தியானம்தான். அந்தக் கடை அப்படி. நீ எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாத்துக்கிட்டே இருக்கணும்னு கட்டுனது.

"ம்."

சிரிச்ச மொகத்துக்காரன் அங்கயும் வந்தான். "இந்தாங்க பழந்துணி"ன்னு ஒண்ணை நீட்டுனான். பாத்தா பழசுதான், சாயம் போயி, ஓரம் பிஞ்சு. "மிசின்ல செஞ்சது, புத்தம் புதுப் பழசு. அந்தச் சட்டையக் குடுத்துட்டு எடுத்துக்கங்க." மூக்காண்டி அதை வாங்கிக் கன்னத்துல வச்சுப் பாத்தான். சரட்டுன்னு கீறுச்சு. "வேண்டாம், எனக்கு எங்க அத்தை சேலை வேணும்." சிரிச்ச மொகத்துக்காரன் மேல் மாடியக் காமிச்சான்.

மூணாவது மாடிக்குப் போனான். அங்க கூரை இல்லட்டி. வானம். வானத்துக்குக் கீழ ஒரு மலை.

என்ன மலைன்னு நெனைக்க? பழசு. ஒலகத்துல குடுத்த பழசெல்லாம் அங்க குமிஞ்சு கெடக்கு. அவன் ஊருப் பழசு அடியில ஒரு ஓரமா, மூட்டை மாதிரி. மத்ததெல்லாம் பேரு தெரியாத ஊருங்களோடது. மேல இருந்து சடசடன்னு விழுந்துக்கிட்டே இருக்கு, மழை மாதிரி. உறை பிரிக்காத சாமான் கூட விழுது. யாரோ புள்ளைங்க ஒசரத்தக் கரிக்கோடு போட்டு வச்ச கதவு கெடக்கு. யாரோ உக்காந்து உக்காந்து குழி விழுந்த பலகை கெடக்கு. மூக்காண்டி அண்ணாந்து பாத்தான். ரெண்டு கையும் தானாக் கூப்பிக்கிச்சு. இம்புட்டும் யாரோ ஒருத்தர் ஆசைப்பட்டு வாங்குனதுதான் அப்படின்னு நெனைச்சு நின்னுட்டான்.

அப்போ பாத்தா, ஒசரத்துல அத்தை சேலை காத்துல ஆடுது. ஏறுனான். கை சறுக்குது, கால் சறுக்குது, ஆணியில சட்டை மாட்டிக் கிழியுது. இவன் ஒரு அடி ஏறுனா மலை ரெண்டு அடி வளருது. ஏறுறான், வளருது, ஏறுறான், வளருது. சேலை சின்னதாகி, பொட்டாகி, மறைஞ்சே போச்சு. அவன் அங்கயே உக்காந்து அழுதான்.

சிரிச்ச மொகத்துக்காரன் பக்கத்துல வந்து உக்காந்தான். ரொம்பத் தன்மையாச் சொன்னான், "அண்ணாச்சி, எதுக்குக் கஷ்டப்படுறீங்க. அந்தச் சட்டையக் குடுங்க. உங்களையே புதுசா மாத்தித் தாரோம். நரை இருக்காது, தொந்தி இருக்காது. வீடு, புள்ளை, அழுகை எதுவும் ஞாபகம் இருக்காது."

மூக்காண்டி சட்டைய இழுத்து மூடிக்கிட்டான். "இதுல எம்புள்ளை மோண்டிருக்கா. இதைக் குடுக்க மாட்டேன்."

அப்போதான் அவன் மொகத்துல சிரிப்பு போச்சு. வெளக்கெல்லாம் படக்குனு ஒரு தடவ அணைஞ்சு எரிஞ்சுது. பாத்தா மூக்காண்டி கடை வாசல்ல நிக்கான், மொளைச்ச தாடியக் காணும். பொழுது இன்னும் அடையல, பனைமரத்து மேல நிக்குது.

வெறுங்கையோட வீட்டுக்கு வந்தான். உள்ள புள்ளை சத்தம் கம்மிப் போயி, முனகலா கேக்குது. "கெடைச்சுதா?"ன்னா வடிவு. "இல்ல"ன்னான். அவளுக்குக் கை ஓஞ்சு போச்சு. "கொஞ்சம் புடிங்க"ன்னு புள்ளைய அவன்கிட்டக் குடுத்தா. அவன் தோள்ல சாச்சான். புள்ளை கன்னத்தச் சட்டையில அப்படி ஒரு தேய் தேய்ச்சுது. இன்னொரு தேய். அழுகை நின்னுருச்சு.

வடிவு எந்திரிச்சு வந்து சட்டையத் தொட்டுப் பாத்தா. நைஞ்சு போயிருக்கு. வெண்ணெய் மாதிரி இருக்கு. "என்னங்க, காலையில போட்ட புதுச் சட்டைதான இது"ன்னா. அவன் குனிஞ்சு சட்டையப் பாத்தான். பேச்சியாத்தா கிட்ட வந்தா. சட்டையக் கழட்டச் சொல்லி, சர்ருனு கிழிச்சு, புள்ளையச் சுத்தி வடிவு மாருல போட்டா. மொச்சு மொச்சுன்னு குடிச்சுது. அந்தச் சத்தத்தக் கேட்டு மூக்காண்டி குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அப்புறம் அந்தக் கந்தலு அந்த வீட்டோட நிக்கல. ஊர்ல எந்த வீட்டுல புள்ளை பொறந்தாலும் அதைத் தொவைச்சுக் காயப்போட்டுக் குடுத்து விட்டாங்க. போகப் போக இன்னும் மெத்துமெத்துன்னு ஆச்சு.

கடை என்னாச்சா? அது எங்க போகும், அங்கதான் நிக்கி. ஒரு நாள் அந்தச் சிரிச்ச மொகத்துக்காரனே தெருவுக்கு வந்தான். கொடியில அந்தக் கந்தலு காயுது. அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் கேட்டான், "அம்மா, அந்தப் பழசைக் குடுங்க. பதிலுக்கு எங்க கடையையே எடுத்துக்கங்க."

வடிவு கொடியில கிளிப் மாட்டிக்கிட்டே சொன்னா, "எம்புள்ளைக்கு மாத்துத் துணி இல்ல. போயிட்டு வாங்க."

ஏட்டி... "ம்" காணும். எஞ் சேலை முந்திய விடு, நான் எந்திரிக்கணும். விட மாட்டியா? பூப்போட்ட புதுப் போர்வை வேணும்னு மூணு நாளா உங்க அப்பனப் போட்டு அரிச்ச, அது அங்க காலுக்குக் கீழ கெடக்கு. சரி, முந்தியவே புடிச்சுக்க. கடைக்கு வெளக்கணைச்சாச்சு, கதைக்கும் கதவு சாத்தியாச்சு. கண்ணை மூடு.