சவுரியம்மாளும் தீராத கலயமும்

முன்னொரு காலத்திலே, மாயாவிகள் பட்டப்பகலில் சந்தைக்கு வந்து போன காலம் அது, கடலோரப் பனங்காட்டு ராஜ்ஜியத்தில் சவுரியம்மாள் என்றொருத்தி இருந்தாள். புருஷன் மிக்கேல் பனையேறி. இடுப்பில் கைப்பிள்ளை செபமாலை. நல்லவள்தான், நாக்குதான் சும்மா இருக்காது. பதநீர் என்றால் உயிரையே விடுவாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாளும் யாரும் பதநீரை வாயில் வைக்க மாட்டார்கள். இறக்கியதெல்லாம் கருப்பட்டியாகி ஏழை வீடுகளுக்குப் போகும். ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோரும் ஒன்றாகக் குடிப்பார்கள். சவுரியம்மாளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள், நடந்தால் பனையடியில் போய் நின்றாள்.

அங்கே நின்றான் தீராவாயன் என்ற மாயாவி.

"என்னம்மா இந்தத் தவிப்பு? இந்தா, வற்றாத கலயம். ஆசை வந்த உடனே குடிச்சிடணும், அவ்வளவுதான்."

"விலை என்ன?"

"ஒண்ணும் வேண்டாம்."

ஒண்ணும் வேண்டாம் என்கிறவனை நம்பினாள் பாருங்கள், அந்தப் புண்ணியவதி. வாங்கிக் குடித்தாள். அடடா, என்ன ருசி! உடனே கலயம் வாய் திறந்தது: "இன்னும் ஒரு வாய் சவுரி, இன்னும் ஒரு வாய்."

குடித்தாள், சோறு மண்ணாய்ப் போனது. குடித்தாள், கோயில் பாட்டு இரைச்சலாய்ப் போனது. குடித்தாள், கைப்பிள்ளை செபமாலை பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். சவுரியம்மாளுக்கு உள்ளே ஒன்றுமே ஆகவில்லை. பெற்றவள் பதறிப்போனாள்.

"என் சந்தோஷமெல்லாம் எங்கே?" என்று கலயத்தைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ குடிச்ச ஒவ்வொரு வாய்க்கும் ஒண்ணா எடுத்து என் எசமானுக்குக் கொடுத்துட்டேன். ஈஸ்டர் மணி அடிச்சா அதெல்லாம் அவருக்கே சொந்தம். மணி வரைக்கும் குடிக்காம இருந்து என்னை உடைச்சவ இதுவரைக்கும் எவளும் இல்லை. இன்னும் ஒரு வாய் சவுரி, இன்னும் ஒரு வாய்."

கடலில் எறிந்தாள், திரும்பி வந்தது. மணலில் புதைத்தாள், திரும்பி வந்தது. முழங்காலில் விழுந்தாள். "ஆண்டவரே, எனக்கு ஆசையே வேண்டாம். வேரோட பிடுங்கிப் போடும்."

பக்கத்தில் மிக்கேல் மறுநாளைக்குக் கலயங்களுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழும் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் இனிப்பு இனிப்பாகவே நிற்கும். நாள்தோறும் பார்க்கிற வேலை. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. பதநீர் கெடாமல் இருக்க யாராவது பனையை வெட்டுவார்களா?

ஜெபத்தை மாற்றினாள். "ஆசை இருக்கட்டும் ஆண்டவரே. புளிக்காம காத்துத் தாரும்."

மாயக் கலயத்தின் உள்ளெல்லாம் சுண்ணாம்பு அப்பினாள். அது கெஞ்சியது, கொஞ்சியது, ஏசியது. இவள் கை தானாகக் கலயத்துக்கு நீண்டது.

"கையைப் பிடிச்சுக்கிடும். என்னால தனியா முடியாது" என்றாள் மிக்கேலிடம்.

"எனக்கும் நாக்கு ஊறத்தான் செய்யுது புள்ள. ஊறட்டும், ஈஸ்டர் வருதுல்லா" என்றான் அவன், கையைப் பிடித்துக்கொண்டு.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் மெல்ல நகர்ந்தது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள். குடிக்கவில்லை.

ஈஸ்டர் காலையில் மணி அடித்தது. கலயம் படாரென்று உடைந்தது. செபமாலை சிரித்தாள், சவுரியம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து அழுகையே வந்துவிட்டது. கோயில் வாசலில் பனையோலை மடித்த பட்டையில் வாங்கிய பதநீரை ஒரு மடக்குக் குடித்தாள். இத்தனை நாள் ஓடி ஓடித் தேடிய ருசி இதுதானே என்று பூரித்து நின்றுவிட்டாள்.

களவாடிய ருசியெல்லாம் போய், வறண்ட நாக்கோடு தீராவாயன் முண்டியடித்துக்கொண்டு வந்தான். "எனக்கு, இப்பவே."

"வரிசையில நில்லும்யா. எல்லாருக்கும் உண்டு."

வேறு வழியில்லை, நின்றான். பிறந்ததிலிருந்து முதன்முதலாகக் காத்திருந்தான். முறை வந்ததும் சவுரியம்மாளே அவன் பட்டையில் ஊற்றினாள். குடித்தான், கண் கலங்கினான், பட்டையைக் கீழே வைத்தான்.

இன்னொரு வாய் கேட்கவில்லை.