கோட்டை மணி அடிக்காத காலை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகாவிட்டால் ஊருக்குப் புது உத்தரவு வந்துவிடும் என்று ஜனங்கள் பயந்து கிடந்த காலத்தில், குணதீரன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். பசித்தவருக்குச் சோறு போடுவார், அழுதவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். ஆனால் ஒரு யோசனை அவர் தலைக்குள் புகுந்துவிட்டால், அது சட்டமாகி வெளியே வரும் வரை அவருக்குத் தூக்கம் பிடிக்காது.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குப் பள்ளிக்கூட யோசனை வந்தது. சின்னப் பிள்ளைகள் எழுத்துப் படிக்க ஊரில் ஆசிரியர்கள் இருந்தார்கள். மீசை அரும்பும் வயதுப் பையன்களும் தாவணி வயதுப் பெண்களும் மேற்கொண்டு படிக்கத்தான் இடமில்லை. உடனே அரண்மனைக்குப் பக்கத்திலேயே பெரிய பள்ளி ஒன்றைக் கட்டி, எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம் என்று பறை அறைவித்தார். அதற்குத் தலைமை, அவைப் புலவர் சிகாமணிப் பண்டிதர்.

பண்டிதர் நிறையப் படித்தவர். படித்ததைவிட நிறைய விதிகள் வைத்திருந்தார். பிள்ளைகள் வந்து உட்காரும் முன்பே வாசலில் பலகை ஏறிவிட்டது. கோட்டை மணி அடித்து ஓய்வதற்குள் மாணவர் எவராயினும் வகுப்புக்குள் இருக்க வேண்டும். ஓய்ந்த பின் வருபவர் அன்று முழுவதும் வாசலில் நிற்க வேண்டும். அமாவாசைக்குள் திருந்தாதவர் பள்ளியை விட்டு நீக்கப்படுவார். ஆசிரியர் கேட்டாலன்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ராஜா பலகையைப் படித்துவிட்டு, "இதுவல்லவா ஒழுங்கு!" என்று பூரித்துப் போனார்.

அந்த அவையில் உலகப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். பண்டிதர் பாட்டுப் படித்தால் ராஜாவுக்குக் கொட்டாவி வரும், உலகப்பன் தும்மினாலும் சிரிப்பு வரும். பண்டிதருக்கு வயிறு எரிய இது போதாதா?

உலகப்பன் அரண்மனைக்குப் போகும் வழி பள்ளியை ஒட்டித்தான். தினமும் ஒரு பெண் வாசலில் நிற்பதைப் பார்த்தான். பதினாறு வயது இருக்கும். மற்றப் பிள்ளைகள் வெளியே நிற்க நேர்ந்தால் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பார்கள். இவள் ஜன்னலை ஒட்டி நின்று, காதை உள்ளே கொடுத்து, விரலால் சுவரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். படிப்பில் இவ்வளவு ஆசை உள்ளவள் நேரத்துக்கு வர மாட்டாளா? அவனுக்குப் புரியவில்லை. ஒரு நாள் நின்று கேட்டே விட்டான்.

"ஏன் தாயி, தினமும் தாமதமாகவே வருகிறாய்?"

அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இதுவரைக்கும் யாருமே கேக்கலைய்யா. நிக்கச் சொன்னாங்க, நின்னேன்."

"நான் கேட்கிறேன், சொல்."

"மணி ஓயறதுக்குள்ள உள்ள இருக்கணும்னு பலகையில எழுதியிருக்கு. அந்த மணிய அடிக்கறதே நான்தான்யா. நான் எப்படி உள்ள இருப்பேன்?"

உலகப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

அவள் பெயர் வடிவாள். கோட்டை மணிக்காரர் மாசாணத்தின் மகள். மணிமேடையில் நாழிகை வட்டில் இருந்தது. அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணம் அது. தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து மூழ்கும். விடியலில் அது மூழ்கியதும் கோட்டை மணி அடிக்க வேண்டும். மழையில் ஏணி வழுக்கி மாசாணம் விழுந்தார், முட்டி பெயர்ந்துவிட்டது. அன்று முதல் இருட்டோடு எழுந்து மேடை ஏறி, கிண்ணம் மூழ்கும்வரை கண் கொட்டாமல் பார்த்து, மணி அடித்துவிட்டு, அத்தனை படியும் இறங்கிப் பள்ளிக்கு ஓடி வருகிறவள் இவள்தான்.

"இதைப் பண்டிதரிடம் சொல்லக் கூடாதா?"

"கேக்காம பேசக் கூடாதே. பேசினாலும் வம்புதான். அப்பா மேடை ஏறலைன்னு தெரிஞ்சா கோட்டைத் தலைவர் வேற ஆளப் போட்டுருவார். அப்புறம் எங்க வீட்டுல அடுப்பு எரியாது. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிராதீங்கய்யா."

"அப்படியானால் படிப்பை விட்டுவிடேன்."

வடிவாள் தலையாட்டினாள். "அந்தக் கிண்ணத்தைப் பாத்துக்கிட்டே இருக்கேன்ல? துளை கொஞ்சம் பெருசா இருந்தா நாழிகை எவ்வளவு குறையும்னு கணக்குப் போட்டுப் பாக்கணும்யா. அந்தக் கணக்கத்தான் இப்ப உள்ள சொல்லித் தர்றாங்க. இங்க நின்னா பாதி கேக்குது. காத்தடிச்சா அதுவும் இல்ல."

சொல்ல மாட்டேன் என்று உலகப்பன் வாக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான், தன் வாயைத் தானே கட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் அவன் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லையா என்று ராஜாவே விசாரித்தார்.

அமாவாசைக்கு முந்தின நாள் பண்டிதர் அவையில் எழுந்தார். "அரசே, பள்ளி செம்மையாக நடக்கிறது. ஒரே ஒரு மாணவி மட்டும் திருந்தவில்லை. நாளையோடு அவளை நீக்க அனுமதி வேண்டும்."

"பண்டிதரே, அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தலாகாதா?" என்றான் உலகப்பன்.

"காரணம் என்னவோ?"

உலகப்பன் வாய் திறந்தான், மூடிக்கொண்டான். அவை முழுவதும் அவனையே பார்த்தது. பேச்சுக்குப் பேர்போனவன் பேச்சற்று நின்றதைப் பார்த்ததும் பண்டிதருக்குப் பாயசம் குடித்தது போல் இருந்தது.

"அரசே, விகடர் தங்கள் விதியில் குறை காண்கிறார். குறை இருந்தால் மெய்ப்பிக்கட்டும். ஒரு நாள், ஒரே நாள், மாணவர் ஒருவர் விடாமல் எல்லோரும் இந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். அப்படிக் கடைப்பிடித்ததாலேயே நாட்டுக்கு ஒரு கேடு விளைந்ததாக அவர் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அவரும் இந்த ஊரை விட்டுப் போகட்டும்."

அவையினர் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒழுங்காக நடந்தால் கேடு எங்கிருந்து வரும்? ராஜாவுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "நல்ல போட்டி! உலகப்பா, நாளைக் காலையே நானும் பள்ளிக்கு வருகிறேன். நீ காட்டிவிட்டால் விதியை மாற்றுகிறேன். காட்டாவிட்டால் நீ மூட்டை கட்ட வேண்டியதுதான், அந்தப் பெண்ணும் போக வேண்டியதுதான்."

உலகப்பன் கைகூப்பினான். "சம்மதம் அரசே. ஒரே ஒரு வரம் மட்டும் வேண்டும். நாளை தங்கள் விதியைக் கடைப்பிடித்ததற்காக எவருக்கும் எந்தத் தண்டனையும் வரக் கூடாது. அவர்கள் வீட்டாருக்கும் வரக் கூடாது."

"விதிப்படி நடந்தவரை யாரப்பா தண்டிப்பார்? என் வாக்கு!" என்றார் ராஜா.

அன்று மாலையே உலகப்பன் மாசாணத்தின் வீட்டுக்குப் போனான். "தாயி, நாளைக்குப் பலகையில் எழுதியிருப்பதை அப்படியே கடைப்பிடி. மேடைக்குப் போகாதே. விடியும் முன்பே பள்ளிக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடு."

கட்டிலில் கிடந்த மாசாணம் பதறிப்போனார். "ஐயா, மணி அடிக்காட்டா என் தலை இருக்காதுய்யா!"

"விதிப்படி நடந்தவரையும் வீட்டாரையும் தண்டிப்பதில்லை என்று ராஜா வாக்குக் கொடுத்திருக்கிறார். விஷயம் தெரிந்தாலும் பயமில்லை. உங்கள் தலைக்கு முன்னால் என் தலை நிற்கிறது" என்றான் உலகப்பன். தைரியமாகத்தான் சொன்னான். வீட்டுக்குப் போனதும் மாற்று வேட்டியை எடுத்து மூட்டையும் கட்டி வைத்துக்கொண்டான்.

மறுநாள் பொழுது விடிந்தது. கோட்டை மணி அடிக்கவில்லை.

மணி கேட்டால்தான் கோட்டைக் கதவு திறக்கும், ஆகவே கதவு திறக்கவில்லை. வெளியே பால்காரர்களும் காய்கறி வண்டிக்காரர்களும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே பக்கத்து நாட்டுத் தூதர் பல்லக்கிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி கேட்டால்தான் இரவுக் காவலர் வீட்டுக்குப் போகலாம், அவர்கள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினார்கள். அரண்மனைச் சமையற்காரர் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. யானைகள் கவளம் கேட்டுப் பிளிறின. மணி கேட்டதும் பள்ளியெழுச்சி பாட வேண்டிய பாணர்கள் ராஜாவின் அறை வாசலில் யாழை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ராஜா குறட்டை விட்டார்.

வெயில் முகத்தில் சுட்ட பிறகுதான் அவர் கண் விழித்தார். குளிக்க வெந்நீர் இல்லை, உண்ண ஒன்றும் இல்லை. தலைப்பாகையைப் பாதி சுற்றிக்கொண்டு, கோபமும் பசியுமாகப் பள்ளிக்கு வந்தார். எதிர்த்தெருவிலிருந்து பண்டிதரும் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

வாசற்படியில் உலகப்பன் மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். சிலர் அப்போதுதான் சோம்பல் முறித்தபடி வந்து சேர்ந்திருந்தார்கள்.

"உலகப்பா! என்ன கூத்து இது? உச்சிப்பொழுது ஆகப்போகிறது!" என்றார் ராஜா.

"கோபம் வேண்டாம் அரசே. மணி இன்னும் அடிக்கவில்லை. ஆகையால் இன்று ஒருவர்கூடத் தாமதமில்லை. பண்டிதரும்கூட நேரத்துக்கே வந்துவிட்டார். பலகையில் உள்ளபடி எல்லோரும் நடந்திருக்கிறோம்."

"விதியைக் கடைப்பிடித்ததற்கும் மணி அடிக்காததற்கும் என்ன சம்பந்தம்?" என்று பண்டிதர் சீறினார். "மணிக்காரன் தூங்கிப்போனான். முதலில் அவனைப் பிடித்து வரச் சொல்லுங்கள் அரசே!"

"பிடிக்க வேண்டாம். மணி அடிப்பவர் உள்ளேதான் இருக்கிறார், முன்வரிசையில். தூங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்தவரே அவர்தான்."

ராஜா எட்டிப் பார்த்தார். வடிவாள் எழுந்து நின்றாள். இவள்தானே தினமும் வெளியே நின்றவள் என்று பண்டிதருக்கு அடையாளம் தெரிந்தது.

"மாணவர் எவராயினும் மணி ஓய்வதற்குள் வகுப்புக்குள் இருக்க வேண்டும் என்பது தங்கள் விதி" என்றான் உலகப்பன். "இவளும் மாணவி. உள்ளே இருந்தால் அடிக்க முடியாது, அடித்தால் உள்ளே இருக்க முடியாது. இத்தனை நாளும் இவள் விதியை மீறினாள், ஊர் நடந்தது. இன்று ஒரு நாள் கடைப்பிடித்தாள். என்ன கேடு என்று நான் சொல்லவும் வேண்டுமா? தாங்கள் இன்னும் காலைப் பலகாரம் சாப்பிடவில்லை."

ராஜா சிரிக்கவில்லை. உள்ளே போய் வடிவாளின் எதிரே நின்றார். "இதை ஏன் அம்மா முன்பே சொல்லவில்லை?"

"யாரும் கேக்கல மகாராஜா" என்றாள் அவள். பிறகு அப்பாவின் முட்டியைப் பற்றியும் ஏணியைப் பற்றியும் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

ராஜா வாசலுக்குத் திரும்பி வந்து பலகையை இன்னொரு முறை படித்தார். "தினமும் என்னை எழுப்பி விட்டவள் இவள்" என்றார் தணிந்த குரலில். "இவளைத்தான் நான் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். பலகையைப் படித்து நானே பூரித்தேனே, உலகப்பா."

உலகப்பனுக்கு அந்த நேரத்தில் ராஜாவின் மேல் பாசமாக இருந்தது. தப்பு என்று தெரிந்ததும் ஒப்புக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? அவரைக் கொஞ்சம் தேற்ற வேண்டும் போலத் தோன்றியது.

"வருந்தாதீர்கள் அரசே. மணி அடிக்காததால் தங்கள் பாணர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் தாங்கள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை."

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழும் வரை சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வடிவாளும் சிரித்தாள். ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகப்பனுக்குப் போட்டார். மாசாணத்துக்கு அரண்மனை வைத்தியரை அனுப்பினார், முட்டி தேறும்வரை அவர் வேலையும் சம்பளமும் அவருக்கே என்றார்.

"இன்னும் ஏதாவது கேள், உலகப்பா!"

"பலகையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் அரசே. தாமதமாக வந்தவரை நிறுத்தும் முன், ஏன் என்று கேட்க வேண்டும்."

"அப்படியே ஆகட்டும். சரி, இவள் அப்பா தேறும்வரை மணி யார் அடிப்பது?" ராஜா மெல்லத் திரும்பினார். "பண்டிதரே, விதியை எழுதியவர் அதில் கொஞ்சம் பழகிப் பார்ப்பதும் நல்லதுதானே?"

மறுநாள் கோட்டை மணி கொஞ்சம் தள்ளாடித் தள்ளாடி அடித்தது. அது ஓய்ந்து நெடுநேரம் கழித்து, அங்கவஸ்திரம் ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கமாகப் பண்டிதர் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். அவர் கண் தானாகவே பலகைக்குப் போனது. கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

முன்வரிசையிலிருந்து வடிவாள் எழுந்தாள்.

"ஏன்யா தாமதம்?"

பண்டிதர் கதவைப் பிடித்துக்கொண்டார். "அம்மாடி, அந்த மேடைக்கு எத்தனை படி!" என்றார்.

"தெரியும்யா" என்றாள் அவள். "உள்ள வாங்க."