விளாவாத வெந்நீர்

"அம்மா, பாசத்தை அறுக்க ஒரு வழி சொல்லுங்க."

கொல்லிமலைக் குடிலில் பையைக்கூட இறக்கி வைக்காமல் தமயந்தி கேட்டாள்.

குடிலில் இருந்த துறவி செண்பகவல்லி, அவளைவிட எட்டு வயது இளையவள். குரு என்பதால் தமயந்தி அவளை அம்மா என்பாள். மூத்தவள் என்பதால் செண்பகவல்லி அவளை அக்கா என்பாள். முறை இடிக்கத்தான் செய்தது. இருவரும் கண்டுகொள்ளவில்லை.

"யார் மேல பாசம்?"

"தம்பி மேல. இளம்பரிதி. அடுத்த வாரம் வேற கிரகத்துக்குக் கிளம்புறான்."

செண்பகவல்லி அடுப்பை ஊதினாள்.

"அந்தக் கிரகத்தை வரைபடத்துல மண்டலம் மண்டலமாப் பிரிச்சதே நான்தான்ம்மா. உறைமண்டலம், கொதிமண்டலம், புழுதிமண்டலம். அவன் இறங்கப்போற பள்ளத்தாக்கு இதமண்டலம். ஊரே பாராட்டுது. எனக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வரல. பாசம் கண்ணை மறைக்குது, அவ்வளவுதான்."

"இதம்னா?"

"நம்ம ஏற்காடு மாதிரி. அதனால மெல்லிசு உடுப்பே போதும்னு முடிவாயிடுச்சு. கனமான உடுப்பை இறக்கிட்டு, அந்த எடைக்கு விதை ஏத்துறாங்க."

"தம்பி என்ன சொல்றான்?"

"அக்கா போட்ட கோடு தப்பாதுங்கிறான்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் பாராட்டினால் நிம்மதியாகத் தூக்கம் வரும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பாராட்டு வாங்காத ஆளாக இருக்கும்.

"பஸ்ல வந்த அலுப்பு. முதல்ல குளிங்கக்கா."

குளியலறையில் இரண்டு வாளிகள் இருந்தன. இரண்டும் விளிம்புவரை நிறைந்திருந்தன. ஒன்றில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். மற்றதில் சுனைத் தண்ணீர். மார்கழி மாதம், விரலை வைத்ததும் மரத்துப்போனது.

"அம்மா, ரெண்டையும் கலந்து விளாவ வேற வாளி இல்லையே?"

"எதுக்கு விளாவணும்?" கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "முதல்ல அதை ஊத்திக்குங்க. அப்புறம் இதை. சராசரி பாத்தா இதம்தானே?"

உள்ளே தமயந்தி எடுத்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அந்தப் பள்ளத்தாக்குல பகல் எப்படி இருக்கும்?"

"கொதிக்கும்."

"ராத்திரி?"

"உறையும்."

"ஏற்காடு எப்ப வரும்?"

தமயந்தி இரண்டு வாளிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வராதும்மா. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன். ஏற்காடு காகிதத்துல மட்டும்தான் இருக்கு."

"சின்ன வயசுல தம்பியைக் குளிப்பாட்டினது யாரு?"

"நான்தான். எங்கம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவாங்க."

"வெந்நீர் பதமா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

"விளாவி... முழங்கையை நனைச்சுப் பாத்துட்டுத்தான் ஒரு சொம்பு ஊத்துவேன்."

"அங்க அவனுக்கு யாரு விளாவித் தருவா?"

கதவு படாரென்று திறந்தது. தலை நனையாமலே வெளியே வந்த தமயந்தி, பையைக் கவிழ்த்துப் போனைத் தேடி எடுத்தாள்.

"தம்பி, விதையை இறக்கச் சொல்லு. கனமான உடுப்பை எடுத்து வை. நான் தப்பாக் கோடு போட்டுட்டேன். மேலதிகாரிங்களுக்கும் இப்பவே நானே சொல்லிடறேன்."

"ஊரே பாராட்டின வரைபடம்க்கா. உன் பேரு கெட்டுடுமே," என்றான் இளம்பரிதி.

"கெட்டா கெடட்டும்."

"அப்ப நான் இறங்குற இடம் என்ன மண்டலம்?"

"அதுக்குப் பேரு அப்புறம் வைக்கலாம்டா. நீ முதல்ல உடுப்பைப் போட்டுப் பாரு."

செண்பகவல்லி மூன்றாவது வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். வெந்நீரையும் சுனைத் தண்ணீரையும் மாற்றி மாற்றி ஊற்றினாள். முழங்கையை நனைத்துப் பார்த்தாள்.

"பதமா இருக்கு, வாங்க. ஏதோ பாசத்தை அறுக்க வழி கேட்டீங்களே அக்கா?"

தமயந்தி காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கம்மா. உடுப்பு தோள்ல பிடிக்குதுங்கிறான்."