மார்கழியில் நட்ட புகையிலை

சடையாண்டி மடத்துக்கு வந்தபோது அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூட. புகையிலை பயிரிட்டே காய்ப்பேறிய கை. கும்பிட்டவர் தலையை நிமிர்த்தவில்லை.

“ஒரு பாவம் செஞ்சுட்டேன், தாயே. எப்படித் தீரும்?”

“சொல்லுங்க.”

பக்கத்துக் காடு பெருமாயியுடையது. அவள் புருஷன் இருந்தவரை அந்தக் காட்டு இலையைத்தான் வியாபாரிகள் முதலில் கேட்பார்கள். சடையாண்டிக்கு அது நெடுநாள் எரிச்சல். போன வருஷம் அவன் செத்துப்போனான். ஐப்பசியில் பெருமாயி வந்து, “எப்ப நடலாம்ண்ணே?” என்று கேட்டாள்.

“உன் காடு பள்ளம். மழைத்தண்ணி நிக்கும். மார்கழியில நடு” என்றார். தன் காட்டில் மறுநாளே நட்டுவிட்டார்.

அவள் பயிர் வளர்வதற்குள் வெயில் முந்திக்கொண்டது. இலை கையகலத்தோடு நின்றது. தடிப்பில்லை, காரமில்லை. விளைச்சலும் பாதிதான். வியாபாரி ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார், வாங்காமல் நடந்துவிட்டார்.

“உங்களை ஏசினாளா?”

“இல்லை தாயே. தன் கை ராசி கெட்டதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறா. இந்த வருஷம் முதல் நாத்தை நட்டுத்தரச் சொல்லி என்னையே கூப்பிட்டிருக்கா. நாளைக்கு.”

அம்மையார் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

“காசிக்குப் போனாத் தீருமா, தாயே?”

“பெருமாயி காடு காசிக்குப் போற வழியிலயா இருக்கு?”

“இல்லை.”

“அப்ப காசி எதுக்கு?”

மறுநாள் காலை பெருமாயி நாற்றை நீட்டினாள். சடையாண்டி வாங்கவில்லை. நடவுக்கு வந்திருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெருமாயி நாற்றைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

“அப்ப என் கையில குத்தமில்லையாண்ணே?”

“இல்லை தாயி.”

அவள் குனிந்து, முதல் நாற்றைத் தானே நட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பவே இல்லை.

சடையாண்டி நேரே மடத்துக்கு வந்தார்.

“ஒரு வார்த்தை ஏசலை, தாயே. செருப்பால அடிச்சிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும்.”

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க மனசு ஆறவா போனீங்க?”