முத்திரை விழாத படகு

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் அஞ்சலாட்சி. நாகப்பட்டினத்தில் கடுவையாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில் மரப்படகு செப்பனிடுகிறவர். வாயில் எப்போதும் இரண்டு ஆணி இருக்கும். அதனால் அதிகம் பேச மாட்டார். பெரிய ஞானிகள் பலர் மௌனம் காத்ததற்கும் இப்படி ஏதாவது காரணம் இருந்திருக்கலாம்.

சீடரின் பெயர் வேதரத்தினம். முப்பத்தொரு வருடம் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவர். தராசு சரியில்லை என்றால் முத்திரை போட மாட்டார். சரியாக இருந்தால் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பார்.

ஓர் ஆவணி மாதக் காலையில் அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார்.

"எங்கிட்ட ஒரு பாய்மரப் படகு இருக்கு. பதினாறு அடி. மூணு வாரத்துல கடல்ல விடணும். இன்னையிலேருந்து நீங்க குரு, நான் சீடன்."

குரு ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டார்.

"குருன்னுல்லாம் கூப்பிடாதீங்க சார். பக்கத்துல வலை பின்னுறவுங்க காதுல விழுந்தா உண்டியல் வச்சிருவாங்க."

"பின்னே எப்படிக் கூப்பிடறது?"

"படகு எங்க இருக்கு?"

படகு சீடரின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. மேலே ஒரு தார்ப்பாய், அதற்குமேல் ஒரு போர்வை. சீடர் இரண்டையும் சாமி சிலைக்குத் திரை விலக்குவது போல விலக்கினார். வார்னிஷில் முகம் தெரிந்தது. பித்தளைக் கொக்கிகள் பளபளத்தன. உட்காரும் பலகையில் நீல நிற மெத்தை. சுவரில் குறைகளின் பட்டியல். இருநூற்றுப் பதினாலில் இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்கப்பட்டிருந்தன. படகின் பெயர் எழுதவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பேரு" என்றார் சீடர்.

குரு வார்னிஷைப் பார்க்கவில்லை. குனிந்து அடிப்பலகைகளைப் பார்த்தார்.

"வாங்குறப்ப மெதந்துச்சா?"

"மிதந்துச்சு. ஆனா ஒழுகிச்சு. எனக்கு வித்தவரு பால் பவுடர் டப்பாவால காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு இறைச்சு ஊத்துவாரு. ஒரு நாளைக்கு ரெண்டு டப்பா. என் கண்ணால பார்த்தேன்." இங்கே சீடரின் குரல் தானாகவே அலுவலகத்துக்குப் போய்விட்டது. "குறைபாடு கண்டறியப்பட்டதன் பேரில் படகு உடனடியாகக் கரையேற்றப்பட்டது."

"எத்தினி வருசம் ஆவுது?"

"பன்னெண்டு."

"அதுக்கப்புறம்?"

"ஒரு சொட்டுத் தண்ணி பட விட்டதில்ல!"

குரு தலையாட்டினார். பாராட்டு என்று சீடர் நினைத்துக்கொண்டார்.

அப்போது சீடரின் மனைவி தையல்நாயகி தேநீரோடு வந்தார். ஒரு கை தட்டைப் பிடித்திருந்தது. இன்னொரு கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. எதிரே நிற்கிறவரைத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். கண்ணில் நீரழுத்த நோய். சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல, நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம். போனது திரும்பாது, இருப்பது எவ்வளவு நாள் நிற்குமென்று சொல்ல முடியாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வார அவசரம் அங்கிருந்து வந்ததுதான்.

"நான் மன்னார்குடிக்காரி" என்றார் தையல்நாயகி, தேநீரைச் சரியான கைக்கு நீட்டிவிட்ட சந்தோஷத்தில். "கல்யாணமாகி வந்த புதுசுல மீன் விக்கிற அம்மா சொல்லும். கடல்லேருந்து திரும்பறப்ப கரை தெரியறதுக்கு முன்னாடி நாகூர் மினாராதான் தெரியுமாம். தண்ணிக்குள்ளேருந்து முளைச்ச மாதிரி இருக்குமாம். அத ஒரு தடவை பாக்கணும்னேன். இவரு படகையே வாங்கிட்டாரு."

"ஆசையா வாங்கியிருக்காரு."

"ஆசையாத்தான் வாங்கினாரு. ரெண்டு டப்பாதானே, நீங்க பாயைப் பிடிங்க, நான் இறைச்சுக்கிட்டே வர்றேன்னேன். ஒழுகற படகுல பொண்டாட்டிய ஏத்தினா ஊரு சிரிக்கும்னுட்டாரு. அப்புறம் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை இன்னிக்கான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"இப்ப கேக்கறதில்லியா?"

"அது நின்னு போயி நாளாச்சே."

சீடர் மனைவியைப் பார்த்தார். எப்போது நின்றது என்று அவருக்கு ஞாபகமில்லை.

குரு தேநீரைக் குடித்து முடித்தார். மூலையில் இருந்த தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு, சீடர் வாயைத் திறப்பதற்குள் படகுக்குள் ஊற்றினார்.

பளபளத்த பலகைகளின் இடுக்கிலிருந்து நாற்பது இடத்தில் தண்ணீர் ஒழுகியது. காபி வடிகட்டியில் கூட இத்தனை சுறுசுறுப்பு கிடையாது.

"ஐயோ! பன்னெண்டு வருசமா ஒரு சொட்டு படலியே! எப்படி ஒழுகுது?"

"படலல்ல. அதான்."

"என்ன செய்யணும்?"

"ஆத்துல கொண்டுபோயி முழுக்கணும். பத்து நாளு கெடக்கட்டும். மரம் தண்ணி குடிச்சு ஊறுனா பலகையும் பலகையும் தானா நெருங்கிக்கும்."

"முழுக்கவா?"

"முழுக்கத்தான்."

"வார்னிஷு?"

"போவும்."

"பித்தளை?"

"கறுக்கும்."

"மெத்தை?"

"மெத்தைய வேணா எடுத்துக்குங்க."

சீடர் மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்புறம் ஒழுகாதே?"

"கொஞ்சம் ஒழுகும்."

"எவ்வளவு?"

குரு ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சீடர் அன்று மாலையே ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முழுக்கச் சொன்னாங்களா? யாரு சார் அது? சந்தனத்தைக் கொண்டுபோயி சாக்கடையில கரைக்கச் சொல்ற மாதிரில்ல இருக்கு! இந்தாங்க, ரெண்டு டியூப்பு. இதுல பாதி, அதுல பாதி. கலந்து அடைச்சீங்கன்னா அரை மணியில கல்லு. ஏரோப்ளேன் றெக்கையவே இதுலதான் ஒட்டுறான் சார்! நான் சொல்றது பொய்யின்னா இப்பவே என் கடையில இடி விழட்டும்!"

இடி விழவில்லை. சீடர் முப்பது டியூப் வாங்கினார்.

ஒன்பது நாள் அடைத்தார். நூல் நுழைய இடமில்லாமல் அடைத்தார். பத்தாம் நாள் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார். கீழே விரித்த செய்தித்தாள் நனையவில்லை. டிராக்டர் வைத்துப் படகை ஆற்றுக்குக் கொண்டுவந்து, குருவின் கண்ணெதிரே இறக்கினார். படகு வாத்து போல நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

தையல்நாயகி புதுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் ஒரு டிபன் டப்பாவோடு கரையில் நின்றார்.

குரு ஏறிப் பார்த்தார். அடைப்பை நகத்தால் அழுத்தினார். நகம் இறங்கவில்லை.

"மரம் தண்ணி குடிச்சா பெருக்கும் சார். பெருக்க எடம் விட்டீங்களா?"

"இடமே இல்லாம அடைச்சிருக்கேன்" என்றார் சீடர் பெருமையாக.

குரு கரையில் நின்ற தையல்நாயகியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். காற்று நல்ல காற்றாக இருந்தது.

"அம்மாவ இப்பவே ஏத்திக்குங்க. நான் சுக்கான் பிடிக்கிறேன். மதியத்துக்குள்ள பாத்துட்டு வந்துரலாம்."

"இப்பவா? மூணு நாள் சோதனை. அப்புறம்தான் ஆளு ஏறணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இன்னிக்கு ஒண்ணும் ஆவாது சார். இன்னிக்குதான் ஒண்ணும் ஆவாது."

"மூணே நாளு, தையல். பன்னெண்டு வருசம் பொறுத்தோம்."

"நாம பொறுத்தோமா?" என்றார் தையல்நாயகி. பிறகு கரையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு. குருவும் சீடரும் ஆளுக்கொரு கை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு இடி விழுந்தது. கடையில் அல்ல, படகில். ஊறிப் பெருத்த பலகைகளுக்கு நகர இடமில்லை. கல்லாக இறுகிய அடைப்பு விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே விலா எலும்பு போல வளைந்திருந்த கட்டைகளில் மூன்று படார் படாரென்று முறிந்தன. ஒரு பலகை திருகாணியோடு பிய்த்துக்கொண்டு எழுந்தது. வாத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

சீடர் முழங்கால் தண்ணீரில் நின்றார்.

"குருவே, எங்க தப்பு பண்ணேன்?"

குரு ஓர் உளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஒன்பது நாளில் அடைத்ததைச் சுரண்டி எடுக்க சீடருக்கு ஐந்து வாரம் ஆனது. முறிந்த கட்டைகளை மாற்றி, இடுக்குகளில் எண்ணெய் தோய்த்த பஞ்சை மெத்தென்று திணித்து முடிப்பதற்குள் ஐப்பசி பிறந்தது. மழை வந்தது. கடல் யாரையும் உள்ளே விடவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், நடுப்பகலில், தையல்நாயகி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்.

"என்னங்க, கரண்ட் போயிருச்சா?"

ஜன்னல் திறந்திருந்தது. மழைகூட விட்டிருந்தது. விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

சீடர் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். "ஆமா" என்றார். பிறகு, "இல்ல" என்றார்.

தை மாதம் படகை ஆற்றில் முழுக்கினார்கள். சீடரே இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாளி வாளியாக ஊற்றி முழுக்கினார். வார்னிஷ் வெளுத்தது. பித்தளை கறுத்தது. பதினோராம் நாள் இறைத்துவிட்டுப் பார்த்தபோது படகு நனைந்த எருமை போல, அவசரமில்லாமல் மிதந்தது.

ஒரு வாரம் அது குருவின் கரையிலேயே கட்டிக் கிடந்தது. உள்ளே கசிந்ததைக் குருவே இறைத்து ஊற்றினார். சீடரை விடவில்லை. சீடர் இறைத்தால் அளப்பார்.

மாசி முதல் ஞாயிறு. சீடர் குனிந்து பார்த்தார்.

"இன்னும் கசியுதே. இன்னொரு வாரம்…"

பதில் படகுக்குள்ளிருந்து வந்தது. தையல்நாயகி குருவின் தோளைப் பிடித்துக்கொண்டு எப்போதோ ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் பால் பவுடர் டப்பா.

"முத்திரை அப்புறமா போடலாம். தள்ளுங்க."

சீடர் தள்ளினார். குரு சுக்கான் பிடித்தார். பாய் ஒரு தடவை படபடத்துவிட்டுக் காற்றை வாங்கிக்கொண்டது. முகத்துவாரம் தாண்டி வெகுதூரம் வந்ததும் கரை தாழ்ந்து ஒரு கோடானது. கோடும் கலங்கலாகி மறைந்தது. வடமேற்கே, தண்ணீருக்குள்ளிருந்து முளைத்ததுபோல, வெள்ளையாக மினாராக்கள் நின்றன.

"தெரியுது! தையல், அதோ பாரு!" என்று சீடர் கத்திவிட்டார். கத்திய பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"எந்தப் பக்கம்?"

அவர் மனைவியின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார். தையல்நாயகி அசையாமல் அப்படியே இருந்தார்.

"எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"அஞ்சு இருக்கு. ஒண்ணு மத்ததைவிட உசரம்."

அதற்குமேல் சீடருக்குச் சொல்ல வரவில்லை. முப்பத்தொரு வருடம் அளந்தவர்.

"அஞ்சுன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துலயே போயி எண்ணியிருக்கேன்" என்று தையல்நாயகி சிரித்தார். முகத்தைத் திருப்பவில்லை. கையைக் கீழே விட்டுக் காலடியில் தடவி, விரலில் ஈரம் பட்ட இடத்தில் டப்பாவைச் சாய்த்து மொண்டு, பக்கவாட்டில் ஊற்றினார். மறுபடி தடவினார். அதற்குக் கண் தேவைப்படவில்லை.

கரைக்கு வந்ததும் தையல்நாயகி வேப்பமர நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். குரு கயிற்றைக் கட்டினார். சீடர் நகரவில்லை.

"குருவே, மொத நாள் ஒரு கேள்வி கேட்டேன். சரி பண்ணினப்புறம் எவ்வளவு ஒழுகும்னு. நீங்க பதில் சொல்லல."

"ஆமா."

"ஒரு வாரமா நீங்கதான் இறைக்கிறீங்க. இப்பவாவது சொல்லுங்க. எவ்வளவு?"

குரு வாயிலிருந்த ஆணிகளை எடுத்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு டப்பா சார்."